சாய்த்தால் நின்றுபோகும் ரம்பம்



காரண விளைவுக் கட்டுரைக்கு எடுத்துக்காட்டுத் தேடும்போது நாம் எல்லாரும் சுற்றிச் சுற்றி அதே நான்கைந்து தலைப்புகளுக்குத்தான் போகிறோம். கைப்பேசியின் நன்மை தீமை, புகைபிடித்தல், சுற்றுச்சூழல் மாசு. கற்பிக்கிற எனக்கே அலுத்துவிட்டது, எழுதுகிற பிள்ளைகளுக்கு அலுக்காதா? அதனால் இந்த முறை யாரும் எதிர்பார்க்காத ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். மரம் அறுக்கும் சங்கிலி ரம்பத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் கார்புரேட்டர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் அதற்கு நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாறு தெரிந்தால்தான் அதன் கோளாறும் புரியும்.

இது எனக்கு எப்படிக் கிடைத்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் குடியிருப்பது பூன் லேயில். ஒரு சனிக்கிழமை காலை, சந்தைக்குப் போய்விட்டு வரும் வழியில், கார் நிறுத்துமிடத்து ஓரமாக இருந்த தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தூக்கி மேடையில் நின்று அறுத்துக்கொண்டிருந்தார். ரம்பத்தை நேராகப் பிடித்தால் நன்றாக ஓடியது. கிளையைப் பக்கவாட்டில் அறுக்க ரம்பத்தைச் சாய்த்ததும் உர்ரென்று இழுத்து, நின்றுவிட்டது. மறுபடி கயிற்றை இழுத்தார், ஓடியது. சாய்த்தார், நின்றது. நான்காம் முறை கீழே இறங்கிவிட்டார். புல்தரையில் ஒரு துணியை விரித்து, ரம்பத்தை அதன்மேல் வைத்து, இயந்திரம் ஆறட்டும் என்று காத்திருந்தார்.

"கார்புரேட்டர் போச்சா அண்ணே?" என்று கேட்டேன். கார் வைத்திருக்கும் அப்பாவுக்குப் பிறந்ததால் எனக்குத் தெரிந்த ஒரே இயந்திரச் சொல் அது.

அவர் சிரித்தார். "எல்லாரும் அதத்தான் மேடம் திட்டுவாங்க. பாவம் அது. நேரா வெச்சா ஓடுது, சாய்ச்சா நிக்குதுன்னா, அது பாதி எடத்துல கார்ப்பரேட்டர் குத்தமே இல்ல."

தஞ்சாவூர் மாவட்டம், பேராவூரணிப் பக்கத்துக்காரர். அவர் சொன்னதில் பாதி எனக்கு அன்று புரியவில்லை. வீட்டுக்கு வந்து படித்த பிறகுதான், ஒரு நூற்றாண்டு முழுவதும் பொறியாளர்கள் மல்லுக்கட்டிய சிக்கலை அவர் ஒரே வரியில் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது. சாய்த்தால் ஏன் நிற்கிறது?

பெட்ரோல் தனியாக எரிந்து பயன் இல்லை. காற்றோடு சரியான அளவில் கலந்து, புகைபோல ஆகி, உருளைக்குள் போனால்தான் இயந்திரம் ஓடும். அந்தக் கலவையைச் செய்வதுதான் கார்புரேட்டரின் வேலை. குழாயின் நடுவில் ஒரு குறுகிய கழுத்து. அதன் வழியே காற்று போகும்போது வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்த அந்த இடத்தில் ஒரு சின்னத் துளை வைத்தால் பெட்ரோல் தானாகவே உறிஞ்சப்பட்டுத் தூவானமாகத் தெறிக்கும். இந்தக் கழுத்தின் குணத்தை இத்தாலியரான வெஞ்சூரி 1797-ல் எழுதி வைத்தார். அவருக்கும் முன்பு, 1738-ல், பெர்னூலி அடிப்படையைச் சொல்லிவிட்டார். இருவருமே பெட்ரோல் இயந்திரத்தைப் பார்த்தவர்கள் இல்லை.

1893-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டரைச் செய்தார். ஏறக்குறைய அதே நேரத்தில் ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவரும் அதையே செய்தார்கள். இந்த வகையில் ஒரு சின்னத் தொட்டி இருக்கும். அதில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். மட்டம் ஏறினால் மிதவை மேலே போய் ஊசியை அழுத்தி வழியை அடைக்கும். இறங்கினால் திறந்துவிடும். நம் வீட்டுக் கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கிற அதே பந்து ஏற்பாடுதான். காருக்கு இது போதும். சாலையில் ஓடும் கார் தலைகீழாக ஆவதில்லை, ஆனால் அன்றைக்குக் கார்புரேட்டர் நம் முதல் கவலையாக இருக்காது.

தொட்டியைச் சாய்த்துப் பாருங்கள். பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கும், மிதவை குழம்பிப்போகும். ஒன்று பெட்ரோல் வராது, அல்லது அளவுக்கு மீறி வந்து இயந்திரத்தை மூழ்கடிக்கும். இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான்.

இந்தக் குறை உயிரோடு விளையாடிய இடம் வானம். 1940-ல் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் போர் விமானங்களில் இருந்த மெர்லின் இயந்திரம் மிதவைக் கார்புரேட்டர் வைத்தது. எதிரே வந்த ஜெர்மானிய விமானங்களுக்கு எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் முறை இருந்தது. ஜெர்மானிய விமானி மூக்கைச் சட்டென்று கீழே குத்தித் தப்பிப்பார். பின்தொடரும் பிரிட்டிஷ் விமானியும் அப்படியே குத்தினால், தொட்டியிலுள்ள பெட்ரோல் மேலே தூக்கி எறியப்பட்டு இயந்திரம் இருமி அடங்கும். சில நொடிதான். சண்டையில் சில நொடி என்பது எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கு வழி கண்டவர் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர். ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர், மோட்டார் சைக்கிள் பந்தயத்திலும் பேர்போனவர். பெரிய மாற்றம் எதுவும் அவர் செய்யவில்லை. எரிபொருள் வரும் வழியில் நடுவில் துளையிட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டை வைத்தார். இயந்திரம் முழு விசையில் குடிக்கக்கூடிய அளவுக்குமேல் பெட்ரோல் அந்தத் துளை வழியே வராது. அதனால் மூழ்குவது நின்றது. 1941 மார்ச்சிலிருந்து விமானத்தளம் விமானத்தளமாகப் போய் இதைப் பொருத்தினார்கள். இது முழுத் தீர்வு இல்லை, தலைகீழாக நெடுநேரம் பறக்க இது உதவாது. மிதவையே இல்லாத அழுத்தக் கார்புரேட்டர்கள் பின்னர் வந்தபோதுதான் சிக்கல் தீர்ந்தது. மாணவர்களே, 'சிறு மாற்றம், பெரிய விளைவு' என்று கட்டுரைத் தலைப்பு வந்தால் நியூட்டனின் ஆப்பிளை விட்டுவிட்டு இவரை எழுதுங்கள். திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

இப்போது ரம்பத்துக்கு வருவோம். சங்கிலியில் பல் வைத்து அறுக்கும் யோசனை முதலில் மரத்துக்காக வந்ததே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகியோர் எலும்பை அறுக்கக் கையால் இழுக்கும் சின்னச் சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்தினார்கள். மரத்துக்கு அது வர 1920கள் ஆயிற்று. 1926-ல் ஆந்திரேயாஸ் ஸ்டீல் ஜெர்மனியில் மின்சார ரம்பம் செய்தார். அடுத்த ஆண்டே எமில் லெர்ப் என்பவர் பெட்ரோல் ரம்பத்தை டோல்மார் என்ற மலையில் ஓட்டிக்காட்டினார், அவருடைய நிறுவனத்துக்கு அந்த மலையின் பெயரே நிலைத்தது. 1929-ல் ஸ்டீலும் பெட்ரோலுக்கு வந்தார். எல்லாம் இரண்டு ஆள் பிடிக்கும் பாரம். ஒரு ஆள் இயந்திரப் பக்கம், இன்னொருவர் நுனிப் பக்கம்.

பாரத்தைவிடப் பெரிய தொல்லை சாய்வு. நிற்கும் மரத்தை வீழ்த்த ரம்பம் படுக்கையாக இருக்க வேண்டும். விழுந்த மரத்தைத் துண்டு போட நிமிர்ந்து இருக்க வேண்டும். உள்ளே இருப்பதோ மிதவைக் கார்புரேட்டர். என்ன செய்தார்கள்? அறுக்கும் பகுதியை மட்டும் திருப்பி, இயந்திரத்தை நிமிர்த்தியே வைத்தார்கள். அல்லது கார்புரேட்டரைத் தனியே திருகி நிமிர்த்தும்படி செய்தார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நிறுத்து, திருப்பு, பூட்டு, ஓட்டு. கிளைமேல் ஏறி நின்று இதைச் செய்ய முடியுமா? கழிக்கும் வேலைக்கு அந்த ரம்பம் உதவவே இல்லை.

மிதவையைத் தூக்கி எறிந்தபோதுதான் கதை மாறியது. அதன் இடத்தில் வந்தது ஒரு மெல்லிய ரப்பர்த் தகடு. பட்டறையில் எல்லாரும் 'டயாப்ரம்' என்றே சொல்கிறார்கள். தமிழில் என்ன என்று அகராதியைப் புரட்டினால் 'உதரவிதானம்' என்று வருகிறது. நுரையீரலுக்குக் கீழே, நாம் மூச்சு விடும்போது ஏறி இறங்குகிற தசை! முதலில் சிரிப்புத்தான் வந்தது. யோசித்தால் இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. அந்தத் தகடும் மூச்சுத்தான் விடுகிறது.

எப்படி என்று சொல்கிறேன். இயந்திரத்தின் அடிப்பெட்டியில் உந்துதண்டு ஏறி இறங்க, காற்றழுத்தம் மாறி மாறித் துடிக்கும். அந்தத் துடிப்பு ஒரு சிறு வழியாக வந்து முதல் தகட்டை ஆட்டும். அது தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சித் தள்ளும் பம்பு. இரண்டாவது தகடு அளப்பது. இயந்திரம் உறிஞ்ச உறிஞ்ச இந்தத் தகடு உள்ளே வளைந்து ஒரு நெம்புகோலை அழுத்தும். நெம்புகோல் ஊசியைத் தூக்கும், பெட்ரோல் உள்ளே வரும். தேவை தீர்ந்ததும் தகடு நேராகும், ஊசி மூடும். இங்கே மட்டம் என்ற பேச்சே இல்லை. அதனால் எது மேல், எது கீழ் என்ற கவலையும் இல்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டில்லட்சன் நிறுவனம் இந்த வகையை 1950களில் உலகம் முழுவதும் பரப்பியது. 1959-ல் வந்த ஸ்டீலின் 'கான்ட்ரா' ரம்பத்தில் இதுவே இருந்தது. அதன்பிறகுதான் ஒரே ஆள், எந்தக் கோணத்திலும் பிடித்து அறுக்க முடிந்தது. இடையில் 1946-ல் ஜோ காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டி, கட்டையைக் குடையும் வண்டுப் புழுவின் வாயைப் பார்த்துச் சங்கிலிப் பல்லின் வடிவத்தை மாற்றியது தனிக் கதை. அதை அறிவியல் ஆசிரியர்களுக்கு விட்டுவிடுகிறேன்.

பூன் லே என்ற பெயரிலேயே ஒரு மரம் வெட்டிய வரலாறு இருக்கிறது. சியூ பூன் லே என்ற வணிகருடைய பெயர் அது. ஹோ ஹோ பிஸ்கட் தொழிற்சாலையைத் தொடங்கியவர், ஜூரோங் பக்கம் தோட்டங்கள் வைத்திருந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பகுதிகளில் மிளகும் காம்பியரும் பயிரானது. காம்பியர் இலையைக் காய்ச்சித்தான் தோல் பதனிடும் சாறு எடுக்க வேண்டும், காய்ச்ச விறகு வேண்டும். பயிருக்கு ஒரு காடு, அடுப்புக்கு ஒரு காடு. மண் சலித்ததும் அடுத்த இடம். 1883-ல் நத்தானியல் காண்ட்லி காடுகளைப் பற்றி அறிக்கை எழுதியபோது சிங்கப்பூரில் மிஞ்சியிருந்தது கொஞ்சம்தான். அவ்வளவையும் வீழ்த்தியது கோடரியும் கை ரம்பமும். இயந்திர ரம்பத்தைக் குறை சொல்கிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

பிறகு ரப்பர் வந்தது, நம்மவர்கள் பால்வெட்ட வந்தார்கள். 1961-ல் ஜூரோங் தொழிற்பேட்டை தொடங்கியது, குன்றுகள் தரைமட்டமாயின. இன்னொரு பக்கம் 1963 ஜூன் 16-ல் திரு லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மரம் நட்டு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். 1967-ல் பூந்தோட்ட நகரம் என்ற திட்டம் வந்தது. 1970 முடிவதற்குள் 55,000-க்கும் மேற்பட்ட மரங்கள் நடப்பட்டன. சீக்கிரம் நிழல் வேண்டும் என்று தூங்குமூஞ்சியும் அங்சானாவும் அதிகம் நட்டார்கள். அங்சானா நம் வேங்கை மரத்தின் நெருங்கிய உறவு, சங்க இலக்கியம் நடத்தும்போது பிள்ளைகளைச் சாலையோரம் அழைத்துப் போய்க் காட்டலாம். அன்று நட்டவை இன்று குடை விரித்து நிற்கின்றன. நடுவது ஒரு நாள் வேலை, கழிப்பது ஆயுளுக்கும். சுமத்ராவிலிருந்து வரும் விடியற்காலைப் புயற்காற்றில் ஒரு கிளை முறிந்து நடைபாதையில் விழாமல் இருப்பதற்குப் பின்னால், அந்தச் சனிக்கிழமை நான் பார்த்தவரைப் போன்ற ஒருவர் இருக்கிறார்.

அவர் அன்று என்ன செய்தார் என்பதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். கார்புரேட்டர் திருகைத் தொடவே இல்லை. முதலில் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார். "மூக்க அடச்சிக்கிட்டு மூச்சு வரலன்னா நெஞ்ச அறுப்பாங்களா டீச்சர்?" (அதற்குள் நான் யார் என்று சொல்லியிருந்தேன்.) பிறகு தீப்பொறிக் கட்டையைக் கழற்றிப் பார்த்தார். ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம், காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. காய்ந்திருந்தது. அடுத்துப் பெட்ரோல் எப்போது கலந்தது என்று உடன் வந்தவரிடம் கேட்டார். பழைய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். அது புதியதுதான். பிறகு தொட்டி மூடியைத் திறந்து மூடினார். தொட்டிக்குள் காற்று போகும் சிறு வழி அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி இயந்திரம் நின்றுவிடும். அப்படியானால் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று சத்தம் கேட்கும். கேட்கவில்லை.

கடைசியாக ஒரு கொக்கிக் கம்பியைத் தொட்டிக்குள் விட்டு எதையோ வெளியே இழுத்தார். மெல்லிய குழாய், அதன் நுனியில் எடையுள்ள வடிகட்டித் தலை. ரம்பத்தை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்தத் தலை பெட்ரோல் இருக்கும் பக்கம் உருண்டு விழ வேண்டும். அதற்குக் குழாய் நூடுல்ஸ் மாதிரி நெகிழ வேண்டும். இந்தக் குழாயோ குச்சிபோல விறைத்திருந்தது. நேராக வைத்தால் தலை பெட்ரோலில் நின்றது. சாய்த்தால் பெட்ரோல் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். காற்றைத்தான் உறிஞ்சியது.

யோசித்துப் பாருங்கள். கார்புரேட்டருக்குள் சாய்வுச் சிக்கலைத் தீர்த்துவிட்டார்கள். ஆனால் தொட்டிக்குள் பெட்ரோலுக்கு மட்டம் என்ற ஒன்று இன்னும் இருக்கிறது. அங்கே மிதவைக்குப் பதில் இந்த எடைத்தலை. அது தவறினால் 1940-ன் மெர்லினும் பூன் லேயின் ரம்பமும் ஒரே நோயில் விழுகின்றன.

எல்லாம் சரியாக இருந்தும் ஓடாவிட்டால்தான் திருகுகளுக்கு வருவாராம். மூன்று திருகு. 'எல்' என்பது மெதுவாக ஓடும்போது வரும் பெட்ரோலுக்கு. விசையை அழுத்தியதும் இயந்திரம் திணறி அடங்கினால் பெரும்பாலும் இங்கே கலவை மெலிந்திருக்கும், அல்லது அந்த வழி அடைத்திருக்கும். 'எச்' என்பது முழு வேகத்துக்கு. இதை அதிகம் இறுக்கினால் ரம்பம் கீச்சென்று கூவும், கேட்க வேகமாக இருக்கும், வேலையும் ஓடும். ஆனால் பெட்ரோலோடு கலந்துவரும் எண்ணெய்தான் உந்துதண்டுக்கு மசகு. பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடேறி உருளை இறுகிவிடும். மூன்றாவது, விசையை விட்டபின் ஓடும் வேகத்துக்கான திருகு. விசையை விட்டும் சங்கிலி சுற்றிக்கொண்டே இருந்தால் அந்த ரம்பத்தோடு யாரும் வேலை செய்யக் கூடாது. வேகத்தைக் குறைத்தும் அடங்காவிட்டால் எங்கேயோ காற்று கசிகிறது, அல்லது கிளட்ச் சுருள்வில் போய்விட்டது. இதைப் படித்துவிட்டு மாணவர்கள் யாரும் ரம்பத்தைக் கையில் எடுக்க வேண்டாம், பயிற்சியும் பாதுகாப்பு உடையும் உள்ளவர்களுக்கே அது.

"இவ்ளோ எங்கண்ணே கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன்.

"கஜாவுல" என்றார்.

2018 நவம்பர் 16 விடியற்காலை, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை அது என்ன செய்தது என்பதை நாம் செய்தியில் பார்த்தோம், அவர் தோப்பில் நின்று பார்த்திருக்கிறார். சாலையெல்லாம் தென்னை. ஊரில் ஒருவரிடம் வாடகைக்கு ரம்பம் வாங்கி, பெட்ரோலை அப்படியே ஊற்றி ஓட்டினார்களாம். எண்ணெய் கலக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. 5 லிட்டர் பெட்ரோலுக்கு 100 மில்லி எண்ணெய், அவ்வளவுதான் கணக்கு. அரை நாளில் இயந்திரம் இறுகியது. விழுந்த தென்னைக்கு மேல் ரம்பத்தின் விலையும் கடனாக ஏறியது. "மரமும் போச்சு, மிஷினும் போச்சு. அப்பதான் டீச்சர், இனி இத பிரிச்சுப் பாக்காம விடறதில்லன்னு உக்காந்தேன்." அந்தக் கடனை அடைக்கத்தான் இங்கே வந்ததாகச் சொன்னார். அவருடைய அப்பா மர வாடியில் குழி ரம்பம் இழுத்தவர். மேலே ஒருவர், குழிக்குள் ஒருவர். குழிக்குள் நிற்பவர் கண்ணில்தான் மரத்தூள் விழும். இவர் அப்பா குழிக்குள் நின்றவர்.

இப்போது சில புது ரம்பங்களில் திருகே இருப்பதில்லை. கலவையைக் கணினிச் சில்லு தானே அளக்கிறது. சிலவற்றில் கார்புரேட்டரே இல்லை, 1940-ன் ஜெர்மானிய விமானத்தைப்போல் எரிபொருள் பீய்ச்சும் முறை. மின்கல ரம்பங்களும் வந்துவிட்டன, குடியிருப்புப் பேட்டைகளில் சத்தம் குறையும் என்பதால் எனக்கு அவைமேல் ஆசைதான். இந்தியாவில் 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கப்படுகிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கெடுக்கும். ஆகவே பேராவூரணியில் டயாப்ரம் மாற்றுபவர்களுக்கு இன்னும் சில காலம் வேலை இருக்கும்.

வகுப்புக்கு இதை எடுத்துச் செல்ல விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. காரணத்தைக் கண்டுபிடிக்க அவர் போன வரிசையை மாணவர்களிடம் கலைத்துக் கொடுத்து, சரியான வரிசையில் அடுக்கச் சொல்லுங்கள். ஏன் அந்த வரிசை என்று 'ஏனெனில்', 'ஆகையால்', 'இல்லாவிட்டால்' போட்டு எழுதச் சொல்லுங்கள். என் உயர்நிலை மூன்று மாணவர்கள் இருபது நிமிடம் சத்தம் போட்டுச் சண்டையிட்டார்கள். முழுக்கத் தமிழிலேயே.

புதுக் குழாயை மாட்டிவிட்டு அவர் மேலே ஏறினார். ரம்பத்தைப் பக்கவாட்டில் சாய்த்தார், ஓடிக்கொண்டே இருந்தது. பழைய குழாயைக் கேட்டு வாங்கி வந்தேன். அது இப்போது என் மேசைமேல், சுண்ணக்கட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் அதை எடுத்து வளைத்துப் பார்க்கிறது. ஏற்கெனவே இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.